‘பியாண்ட் தி ஸீ’: ஸ்கல்லி ஏன் அந்தச் செய்தியைக் கேட்கப் போகவில்லை?

கரையோரம் (இழையைத் தொடங்கியவர்)

எக்ஸ்-ஃபைல்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதல் சீசனில் பதிமூன்றாவதாக வருவது ‘பியாண்ட் தி ஸீ’. 1994 ஜனவரி 7 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. எழுதியவர்கள் க்ளென் மோர்கன், ஜேம்ஸ் வோங். இயக்கம் டேவிட் நட்டர். பல வருடம் முன்பு பார்த்தபோது நல்லதொரு பேய்க்கதை என்று நினைத்துக் கடந்துபோனேன். போன வாரம் திரும்பப் பார்த்தேன். நான்கு நாளாக வேறெதிலும் மனம் ஒட்டவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதை. டேனா ஸ்கல்லியின் அப்பா கடற்படை அதிகாரி. மகள் டாக்டருக்குப் படித்துவிட்டு எஃப்.பி.ஐ.யில் சேர்ந்ததில் அவருக்கு மனத்தாங்கல் உண்டு. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அம்மாவும் அப்பாவும் மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். வாசலில் அப்பா வேலையைப் பற்றி விசாரிக்கிறார். நன்றாகப் போகிறது என்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் போய்விடுகிறார்.

அன்று இரவு சோபாவில் தூங்கிப்போனவள் கண் விழித்தால், எதிர் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. போன் அடிக்கிறது. திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. போனில் அம்மா. மாரடைப்பு வந்து அப்பா ஒரு மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டாராம்.

காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிடுகிறாள். வட கரோலினாவில் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரை எவனோ கடத்திப் போயிருக்கிறான். அங்கே சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருக்கும் லூதர் லீ பாக்ஸ் என்ற கொலைகாரன், செத்தவர்கள் தன் வழியாகப் பேசுவதாகவும், பிள்ளைகளைக் கண்டுபிடிக்க உதவுவதாகவும், பதிலுக்குத் தன் தண்டனையைக் குறைக்க வேண்டும் என்றும் சொல்கிறான். ஸ்கல்லி அவன் அறையை விட்டு வெளியேறும்போது ‘பியாண்ட் தி ஸீ’ பாட்டை முனகுகிறான். அவள் அப்பாவின் அஸ்தியைக் கடலில் கரைத்தபோது ஒலித்த அதே பாட்டு. திரும்பிப் பார்த்தால் கைவிலங்கோடு அப்பா நிற்கிறார். வீட்டில் அவளை மட்டும் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லி, என் செய்தி கிடைத்ததா என்று கேட்கிறார்.

கடைசியில் அவன் கொடுத்த துப்பெல்லாம் பலிக்கிறது. உன் அப்பா சொல்ல வந்ததைச் சொல்கிறேன், என் தண்டனை நிறைவேறும்போது சாட்சியாக வந்து உட்கார் என்கிறான். அவள் போகவில்லை.

அந்த நேரத்தில் அவள் மருத்துவமனையில், இந்த வழக்கில் சுடப்பட்ட சக எஃப்.பி.ஐ. அதிகாரி மல்டரின் கட்டில் பக்கத்தில் இருக்கிறாள். இவ்வளவு பார்த்த பிறகும் ஏன் நம்ப முடியவில்லை என்று அவன் கேட்கிறான். நம்பப் பயமாக இருக்கிறது என்கிறாள். அப்பா என்ன சொல்ல நினைத்தார் என்பது கடைசிவரை தெரியாமலே போனாலும் பரவாயில்லையா என்கிறான். தெரியும் என்கிறாள். எப்படி? அவர் என் அப்பா.

முடிந்தது. நீங்கள் போயிருப்பீர்களா? அவள் போகாதது பயத்தாலா, நம்பிக்கையாலா?

---

பழைய ஒளிநாடா

அருமையான இழை. இந்த எபிசோடில் நடிப்பைப் பேசாமல் நகர முடியாது. பாக்ஸாக வரும் ப்ராட் டூரிஃப் ஒரே ஷாட்டுக்குள் மூன்று நான்கு ஆட்களாக மாறுகிறார். அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஜில்லியன் ஆண்டர்சனுக்கு அப்போது வயது 25. அப்பாவாக டான் எஸ். டேவிஸ், அம்மாவாக ஷீலா லார்கன்.

செல்லப் பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் அப்பாவை ‘ஆஹாப்’ என்பாள், அவர் அவளை ‘ஸ்டார்பக்’ என்பார். இரண்டும் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலில் வரும் பெயர்கள். ஆஹாப் கப்பல் கேப்டன், ஸ்டார்பக் அவருடைய முதல் துணை அதிகாரி. நாவலின் ஸ்டார்பக் தெய்வ பயம் உள்ளவன். கேப்டன் போகும் வழி தப்பு என்று தெரிந்து எதிர்த்துப் பேசுவான், ஆனால் கடைசிவரை மீற மாட்டான். கப்பலோடு மூழ்கியும் போவான். இங்கே இந்த ஸ்டார்பக் மீறினாள். மருத்துவத்தை விட்டு வந்தாள். கேப்டன் செத்துப்போனார், இவள் உயிரோடு இருக்கிறாள். அந்தப் பெயரை ஒரு கொலைகாரன் வாயிலிருந்து கேட்கும்போது அவளுக்கு எங்கே வலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு சின்னக் குறை. கியூபா முற்றுகை முடிந்து கப்பல் திரும்பியபோது இந்தப் பாட்டுதான் ஒலித்தது, இறங்கி நேராக வந்து என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்டார் என்று அம்மா சொல்வார். பாபி டேரின் பாடிய பாட்டு 1959இல் வந்தது, அதில் சிக்கல் இல்லை. முற்றுகை நடந்தது 1962 அக்டோபர், நவம்பரில். தொடர் சொல்லும் கணக்கில் டேனா பிறந்தது 1964 பிப்ரவரியில், அவளுக்கு முன்னால் ஒரு அண்ணனும் அக்காவும் வேறு. கணக்கு இடிக்கிறது. ஆனாலும் அந்த வரியை எடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அம்மா அதைச் சொல்லும்போது கண்ணைக் கடலில் இருந்து எடுக்கவே மாட்டார்.

---

இரவுப்பணி

நான் செவிலியர். நாற்காலிக் காட்சியைப் பற்றிச் சொல்கிறேன்.

இறந்தவரைப் பார்த்தேன், குரல் கேட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்பவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அவர்களுக்குப் புத்தி பிசகிவிடவில்லை. 1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி எழுதிய கட்டுரை ரொம்பப் பிரபலம். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த மாதிரி அனுபவம் இருந்தது. பலர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதே இல்லை.

ஸ்கல்லி ஒரு டாக்டர், இதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனால் எழுத்தாளர்கள் அந்த வாசலை அடைத்துவிட்டார்கள் பாருங்கள். துக்கத்தில் வரும் தோற்றம் என்றால் சாவு தெரிந்த பிறகு வர வேண்டும். இவள் முதலில் பார்க்கிறாள், பிறகுதான் போன் வருகிறது. அதே சமயம் ஒரு சின்ன இடுக்கையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். அவள் அப்போதுதான் தூக்கத்தில் இருந்து எழுந்தவள். அரைத் தூக்கக் கனவு என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம்.

எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. அப்பா செத்ததும் உடனே வேலைக்கு வருகிறாளே, அது கல்நெஞ்சம் இல்லை. வார்டில் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் மளமளவென்று காரியம் பார்ப்பார்கள், போன் செய்வார்கள், பில் கட்டுவார்கள். அப்புறம் ஒருநாள் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்து உடைந்துபோவார்கள்.

---

மணற்குன்று

நான் கத்தோலிக்கன், கடற்கரை ஊர்க்காரன். ஸ்கல்லியும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், கழுத்தில் சிலுவை போட்டிருக்கிறாள். அதனால் இந்தக் கதையை எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

செத்தவர்களிடம் குறி கேட்பது எங்கள் மறையில் விலக்கப்பட்டது. விவிலியத்தில் இணைச்சட்டம் 18ஆம் அதிகாரம் நேராகவே சொல்கிறது. 1 சாமுவேல் 28இல் சவுல் அரசன் மாறுவேடம் போட்டு இரவில் குறி சொல்லும் பெண்ணிடம் போகிறான். இறந்துபோன சாமுவேலை எழுப்பச் சொல்கிறான். அந்த நாட்டில் குறி சொல்பவர்களை விரட்டியவனே அவன்தான். போருக்கு முந்தின இரவு, கடவுள் பதில் சொல்லவில்லை, பயம் தாங்கவில்லை, போய்விடுகிறான். சாமுவேல் எழுந்து வந்து என்ன சொல்கிறார்? நாளை நீயும் உன் மகன்களும் என்னோடு இருப்பீர்கள் என்கிறார். சவுல் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுகிறான்.

இதில் நான் பல முறை நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. வந்த செய்தி பொய் இல்லை, அப்படியே நடக்கிறது. செய்தி உண்மையாக இருப்பதால் மட்டும் கேட்டவனுக்கு நல்லது நடந்துவிடவில்லை. பாக்ஸ் சொன்னதும் எல்லாம் பலித்தது. மாணவர்கள் கிடைத்தார்கள், வெள்ளைச் சிலுவை பக்கம் போகாதே என்றான், அங்கேதான் மல்டர் சுடப்பட்டான். உண்மை சொல்கிறவன் எல்லாம் நம்பத் தக்கவனா? ஸ்கல்லி கடைசியில் தெரிந்துகொண்டது இந்த வித்தியாசத்தை என்று நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால் அது நம்பிக்கைதான், கரையோரம்.

---

வைகை

எல்லோரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். நான் மாறுபடுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும்.

என் தம்பி 2011இல் விபத்தில் போய்விட்டான், வயது 24. அதற்கு முந்தின நாள் எனக்கும் அவனுக்கும் பணத்தகராறு. என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டேன். அவன் என்னிடமிருந்து கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

நாற்பது நாள் கழித்து அம்மா என்னைக் கோடாங்கியிடம் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் போனேன். சின்ன ஓட்டு வீடு, திண்ணையில் சாம்பிராணிப் புகை. உடுக்கைச் சத்தம் ஏற ஏற என் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தட்டுவது போல இருந்தது. அந்தப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, “அக்கா, நீ அழாத, நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கல” என்றார். அதை ஊரில் எந்தக் கோடாங்கியும் எந்த அக்காவிடமும் சொல்லலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தரையில் விழுந்து அழுதேன். அன்று ராத்திரிதான் முதல் முறையாகத் தூங்கினேன்.

இப்போது ஸ்கல்லியைப் பார்க்கிறேன். அவர் என் அப்பா என்கிறாள். அதைச் சொல்ல அவளுக்கு வாய்த்தது. வாசலில் நின்று நல்ல விதமாக வழியனுப்பி வைத்தவள் அவள். சின்ன மனத்தாங்கல்தான், சண்டை இல்லையே. முழுச் சண்டையில் பிரிந்தவர்கள் என்ன செய்வது? ‘அவன் என் தம்பி, எனக்குத் தெரியும்’ என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. யாராவது வெளியே இருந்து சொல்ல வேண்டியிருந்தது.

நானாக இருந்தால் அந்தத் தண்டனை அறைக்குப் போயிருப்பேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

---

இரவுப்பணி

வைகை அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. நீங்கள் தூங்கினீர்களே, அது போதும்.

---

கரையோரம்

அக்கா, எனக்குக் கை நடுங்குகிறது. இந்த இழையை ஏன் ஆரம்பித்தேன் என்பதை முதல் பதிவில் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் அப்பா மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தார். அவருடைய ஒரே ஆசை நான் அரசு வேலையில் இருக்க வேண்டும் என்பது. தேர்வு எழுதி அந்த வேலையும் கிடைத்தது. ஐந்து வருடம் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பு வேலைக்காக விட்டுவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கப்புறம் போனில் என் வேலையைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்பா.” “சரி, அம்மாட்ட குடுக்கறேன்.” மூன்று வருடம் இதுதான் பேச்சு. போன ஆடியில் இறந்துபோனார். கடைசிப் பேச்சும் இதேதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை குறி கேட்கப் போகலாம் என்றார். அண்ணன் கேட்க நினைத்தது ஏதாவது இருக்கும், வா என்று அழைத்தார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அம்மா போகத் தயாராக இருந்தார். நான் வரவில்லை என்றதும் அவரும் போகவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. நான் கேட்காமல் விட்டது என் இஷ்டம். அம்மாவையும் கேட்க விடாமல் செய்துவிட்டேனோ?

எபிசோடில் அஸ்தி கரைத்த இடத்தில் ஸ்கல்லி அம்மாவிடம், அப்பாவுக்கு என்னைப் பற்றிப் பெருமையாக இருந்ததா என்று கேட்பாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த அம்மா சொல்வது வேறு. அவர் உன் அப்பா என்பார். கடைசிக் காட்சியில் ஸ்கல்லி மல்டரிடம் சொல்வது அதே வரி. முதல் தடவை நமக்கே அது ஏமாற்றமாகத்தான் இருக்கிறது, கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்று. அந்த ஏமாற்றம் எப்படிப் பதிலாக மாறியது என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. அதற்காகத்தான் உங்களையெல்லாம் கேட்டேன்.

---

பழைய ஒளிநாடா

மாறியதற்கு நடுவில் நடந்தது காரணம் என்று நினைக்கிறேன். ஸ்கல்லி சுலபமாக மறுத்துவிடவில்லை, அதைக் கவனிக்க வேண்டும்.

முதலில், பாக்ஸ் பொய் சொல்கிறவன் என்பதை நாம் பார்த்துவிட்டோம். மல்டர் தன் பழைய நிக்ஸ் கூடைப்பந்து அணி டி-ஷர்ட்டில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்து, இது கடத்தப்பட்ட பையனுடையது என்பான். பாக்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு நெளிந்து துடித்து ஆவி வந்தது போல நடிப்பான். வழக்கமாக எல்லாவற்றையும் நம்புகிற மல்டர் இங்கே சந்தேகப்படுகிறான், எதையும் நம்பாத ஸ்கல்லி தடுமாறுகிறாள். மல்டருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இவனைப் பிடிக்க உதவியவன் அவன்தான். விருந்து நாளில் சொந்தக் குடும்பத்தில் ஐந்து பேரைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு உட்கார்ந்து டிவியில் கால்பந்து ஆட்டம் பார்த்தவன் பாக்ஸ் என்பது அவனுக்குத் தெரியும்.

இரண்டாவது, ஸ்கல்லி அவன் துப்பைப் பின்பற்றிப் போய், அது பலித்து, மல்டர் சுடப்படுகிறான். அதற்கப்புறம் அவள் சிறைக்கு வந்து பாக்ஸின் முகத்துக்கு நேரே கத்துவாளே, மல்டர் செத்தால் உன் தண்டனையை என் கையால் நானே நிறைவேற்றுவேன் என்று. முதல் தடவையாக அப்பாவுக்கான அழுகை அங்கேதான் வெளியே வருகிறது, கோபமாக. அந்தக் காட்சியில் வெறுப்பு எது, துக்கம் எது என்று பிரிக்க முடியவில்லை.

மூன்றாவது, அவள் கேட்டுவிட்டாள். அதை மறக்க வேண்டாம். பதினான்கு வயதில் இருட்டில் வாசலில் உட்கார்ந்து அம்மாவின் சிகரெட்டைத் திருடிப் பிடித்ததை பாக்ஸ் அப்படியே சொல்கிறான். அவள் உடைந்துபோய், அப்பாவோடு பேசவிடு, நம்புகிறேன் என்கிறாள். தண்டனையைக் குறைத்தால்தான் பேச்சு என்று அவன் மறுத்துவிடுகிறான். வைகை அக்கா, அந்த இடத்தில் அவள் உங்களோடுதான் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

---

வைகை

அதை நான் மறந்தே போயிருந்தேன். கெஞ்சிவிட்டுத்தான் கடைசியில் மறுக்கிறாள். சரி. கணக்கு கொஞ்சம் மாறுகிறது.

ஆனாலும் ஒரு கேள்வி. கோடாங்கிப் பெரியவர் என்னிடம் தேங்காய், வெற்றிலை, நூற்றியொரு ரூபாய் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பாக்ஸ் விலை பேசினான். அதுதான் வித்தியாசமோ?

---

மணற்குன்று

விலை என்பது முக்கியமான வார்த்தை. ஆனால் அக்கா, ஒன்று பாருங்கள். ஸ்கல்லி சிறை வார்டனிடம் கேட்டுப் பார்க்கிறாள், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பாக்ஸிடம் வந்து, தண்டனையைக் குறைக்க ஏற்பாடு செய்துவிட்டேன் என்று பொய் சொல்கிறாள். அது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் பையன் இருக்கும் இடத்தைச் சொல்கிறான். பிசாசு இருக்கும் பக்கம் போகாதே என்று எச்சரிக்கையும் செய்கிறான். அவள் கடத்தல்காரனைத் துரத்திக்கொண்டு ஓடும்போது சுவரில் நீலப் பிசாசுப் படத்தைப் பார்த்து நின்றுவிடுகிறாள். துரத்தப்பட்டவன் கால் வைத்த பலகை இடிந்து விழுந்து சாகிறான். நின்றதால் இவள் பிழைத்தாள். அதாவது கடைசியில் பாக்ஸ் ஒரு விலையும் வாங்காமல் அவளுக்கு உயிர் கொடுத்திருக்கிறான்.

அந்த இடத்தில் எனக்கு அவன்மேல் இரக்கம் வருகிறது. முதல் தடவை தண்டனை அறைக்கு நடந்து போனபோது தான் கொன்ற எல்லோரும் வழியில் நின்றார்கள், அவர்கள் பட்ட பயத்தைத் தனக்குள் உணர்ந்தேன் என்பான். குற்ற உணர்வு என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் முழுப் பாரம் அது. செய்தவன் செய்தவனாக இல்லாமல் பட்டவனாக மாறி அனுபவிப்பது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நிற்கும்போது இதில் ஒரு துளியாவது நமக்கு வர வேண்டும் என்று எங்கள் பழைய பங்குச்சாமி சொல்வார்.

---

பழைய ஒளிநாடா

இதைப் படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே ப்ராட் டூரிஃப், எதிர்காலத்தில் நடக்கும் ‘பாபிலோன் 5’ என்ற அறிவியல் புனைவுத் தொடரிலும் இதற்கு நேர் எதிரான பாத்திரத்தில் வருகிறார். 1995 நவம்பரில் வந்த ‘பாஸிங் த்ரூ கெத்செமனி’. எழுதியவர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி.

அங்கே அவர் எட்வர்ட் என்ற துறவி. சாதுவான மனிதர், மற்றவர்களுக்கு உழைத்துக்கொண்டே இருப்பவர். ஒருநாள் சுவரில் ரத்தத்தில் எழுத்து, கையில் கருப்பு ரோஜா என்று காட்சிகள் வரத் தொடங்குகின்றன. தேடிப் பார்த்தால், தானே பழைய தொடர் கொலைகாரன் என்று தெரிகிறது. அந்தக் காலத்துச் சட்டம் மரண தண்டனைக்குப் பதிலாக நினைவை அழித்து வேறு ஆளாக்கிச் சேவை செய்ய அனுப்பிவிடும். கொல்லப்பட்டவர்களின் சொந்தக்காரர்கள் அவரைத் தேடி வந்து, நினைவைக் கிளறிவிட்டிருக்கிறார்கள்.

அவருடைய கேள்வி இதுதான்: செய்த பாவம் என்னவென்றே தெரியாமல் நான் எப்படி மன்னிப்புக் கேட்டிருக்க முடியும்? கெத்செமனித் தோட்டத்தில் இயேசு ஓடிப்போகாமல் காத்திருந்தாரே, அந்தத் தைரியம் எனக்கு வருமா என்று முன்பே சொல்லியிருப்பார். ஓடாமல் காத்திருக்கிறார். அவர்கள் வந்து சிலுவையில் அறைவது போலத் தொங்கவிட்டுக் கொல்கிறார்கள்.

பாக்ஸுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, தப்பிக்கப் பார்க்கிறான். எட்வர்டுக்கு ஒன்றும் நினைவில்லை, தப்பிக்கவே இல்லை. ஒரே நடிகர், ஒரே முகம். இரண்டையும் ஒரே இரவில் பாருங்கள்.

---

இரவுப்பணி

கேள்வி ஒன்று. இரண்டாவது சீசனில் ‘ஒன் ப்ரெத்’ எபிசோடில் ஸ்கல்லி கோமாவில் கிடக்கும்போது அப்பா கடற்படைச் சீருடையில் வந்து பேசுவாரே. மகளை எவ்வளவு நேசித்தேன் என்பது, இனி அவளிடம் சொல்லவே முடியாது என்று ஆன பிறகுதான் தெரிந்தது என்பார். அதையும் எழுதியது மோர்கனும் வோங்கும்தான், அதே 1994 நவம்பரில். அப்படியென்றால் செய்தி கிடைத்துவிட்டதே? ‘பியாண்ட் தி ஸீ’ முடிவு அதனால் கெட்டுப்போகிறதா?

---

கரையோரம்

கெடவில்லை என்று நினைக்கிறேன். முதலில் அவள் கேட்காமலே தெரியும் என்று சொன்னாள். பிறகு தேடாமலே கிடைத்தது. தேடிப் போய் வாங்கியிருந்தால் அது அவளுக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

உண்மையில் எனக்கு உறுத்துவது வேறு எபிசோட், 1998இல் வந்த ‘ஆல் சோல்ஸ்’. அதில் ஸ்கல்லி செத்துப்போன தன் மகள் எமிலியை மறுபடி மறுபடி பார்க்கிறாள். பாதிரியாரிடம் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லி அழுகிறாள். தான் பிடித்திருந்த இன்னொரு பெண்ணின் கை எமிலியின் கையாகத் தெரிகிறது, விட்டுவிடச் சொல்கிறது, விட்டுவிடுகிறாள். சரியா தப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பா விஷயத்தில் உறுதியாக இருந்தவளுக்கு மகள் விஷயத்தில் அந்த உறுதி வரவில்லை. வைகை அக்கா சொன்னது அங்கே பொருந்துகிறது. எல்லாச் சாவுக்கும் ஒரே பதில் கிடையாது.

---

வைகை

தம்பி, உன் அம்மாவைப் பற்றிச் சொன்னாயே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். நீ தடுத்துவிட்டதாக நினைக்காதே. அவரிடமே போய்க் கேள். போக வேண்டும் என்றால் நீயே கூட்டிக்கொண்டு போ. நீ உள்ளே வர வேண்டாம், வெளியே வண்டியில் இரு. எங்கள் அப்பா அப்படித்தான் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் நம்பிக்கை இல்லை. நான் அழுதுகொண்டு வெளியே வந்தபோது தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

---

கரையோரம்

ஐந்து நாள் ஆகிவிட்டது. மன்னிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அக்கா சொன்னபடி அம்மாவிடம் கேட்டேன். போகணுமாம்மா, நான் கூட்டிப்போறேன் என்றேன். உடனே பதில் சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பார்க்கலாம், தை பிறக்கட்டும் என்றார். எதற்கு இப்போது திடீரென்று என்று கேட்டார். இப்படி ஒரு அமெரிக்கத் தொடர், அதில் ஒரு பெண், அவளுடைய அப்பா என்று விஷயத்தைச் சொன்னேன். அதைப் போடு பார்ப்போம் என்றார்.

மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஆரம்பத்தை மட்டும் போட்டேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. வாசலில் நின்று பேசும் காட்சியை நான் சொல்லச் சொல்லப் பார்த்தார். நாற்காலிக் காட்சி வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து உட்கார்ந்தார். அவர் என்ன சொல்றார் என்று கேட்டார். சத்தம் இல்லைம்மா, வாய் மட்டும்தான் அசையும், அவளுக்கும் கேட்கவில்லை என்றேன்.

“சாப்பிட்டியான்னு கேக்கறார்” என்றார் அம்மா.

இன்னொரு தடவை போடு என்றார். போட்டேன்.